அய்யா திருப்பிக் கொடுத்த விளக்குகள்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, பத்திரிகையை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வாசிக்கிற என் வயதுக்காரர்களைக் கேட்கிறேன்: ஒரு சைக்கிள் விளக்கு நல்லதா கெட்டதா என்று நீங்கள் எப்படித் தீர்மானிப்பீர்கள்? என் பேரன் கைப்பேசியைப் பார்த்துத் தீர்மானிக்கிறான். முகம் தெரியாத ஆயிரம் பேர் அதற்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம். போன வாரம் விரல் நீளத்தில் ஒன்றை வாங்கி வந்து மாட்டி, வாசலில் நின்ற என் முகத்துக்கு நேராக அடித்தான். கொஞ்ச நேரத்துக்கு எனக்கு வாசலே தெரியவில்லை. "எப்படி இருக்கு?" என்றான். "எதிர்ல வாரவன் கண்ண அவிக்கிறதுக்கு நல்ல லைட்டுதான்" என்றேன்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பத்து வயதில் ஒரு கோடை முழுவதும் சைக்கிள் விளக்கு சோதிப்பதையே தொழிலாகச் செய்தவள் நான். சிரிக்காதீர்கள். எங்கள் வட்டாரத்தில் அதில் என்னைவிடத் தேர்ந்தவர் அன்று ஒருவர்தான் இருந்தார். அவர் என் அய்யா; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. மிளகாய் கருகியது, ஆடுகளை விற்றோம், வீட்டைச் சாத்திவிட்டு வாலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம் உப்பளத்து வேலைக்கு வந்து சேர்ந்தோம். அய்யாவுக்கு உப்பளம் ஒத்துக்கொள்ளவில்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, படுக்கும்போது இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பார். அப்படி இருக்கும்போதுதான் பங்குனியில் டூரிங் டாக்கீஸ் வந்தது.

முதலாளி ஒருவர், கொட்டகை இரண்டு. மேலக்கொட்டகை நாங்கள் குடியேறிய உப்பளத்து ஊரில். கீழக்கொட்டகை மூன்று மைல் தள்ளி, கடலோரத்தில். இரண்டிலும் ஒரே படம், அதற்குப் பிரதியும் ஒன்றே ஒன்று. இடைவேளை வரைக்கும் ஓடுகிற சுருள்கள் ஒரு பெட்டியில், மிச்சம் இன்னொரு பெட்டியில். மேலக்கொட்டகையில் ஆறரைக்கு ஆட்டம். இடைவேளை விட்டதும் முதல் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓர் ஆள் கீழக்கொட்டகைக்குப் பறக்க வேண்டும். அங்கே எட்டரைக்கு ஆட்டம். திரும்பி வந்து, இங்கே படம் முடிந்த கையோடு இரண்டாம் பெட்டியையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அய்யாவுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவருக்கு ஒரு நாள் டயர் வெடித்தது. பெட்டி அரைமணி நேரம் தாமதம். கீழக்கொட்டகைக்காரர்கள் பெஞ்சுகளை உடைத்து மணலில் போட்டுவிட்டார்கள். மறுநாளே அவருக்குச் சீட்டுக் கிழிந்தது, அந்த இடத்துக்கு அய்யா வந்தார். தாமதமானால் வேலை போய்விடும், வேலை போனால் மறுபடியும் உப்பளம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடமாகத் தெரியும். அய்யாவின் பாதம் ஆற ஆரம்பித்த காலம் அது.

முதல் நாள் சாயங்காலம் நானும் கூடப் போயிருந்தேன். அய்யா ஊரிலிருந்து கொண்டு வந்த மண்ணெண்ணெய் விளக்கைச் சைக்கிளில் மாட்டியிருந்தார். பக்கவாட்டில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிப் பொட்டு வைத்த அழகான விளக்கு. முதலாளி அதைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"யோவ், அதுக்குள்ள என்ன எரியுது?"

"திரிதான் முதலாளி."

முதலாளி கிழிந்த பிலிமில் ஒரு சாண் துண்டை எடுத்து, வாயிலிருந்த பீடியால் அதன் நுனியைத் தொட்டார். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், துண்டைக் காணோம். சுட்ட விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, "பெட்டிக்குள்ள இது ஒரு மைல் நீளத்துக்குச் சுத்திக் கெடக்கு. வழியில ஒரு பொறி விழுந்துச்சு, உன்னையக் கூட்டி அள்ளத்தான் ஆளனுப்பணும்" என்றார். மண்ணெண்ணெய் கூடாது, கார்பைடு விளக்கு கூடாது, நெருப்பு என்று எதுவுமே சைக்கிளில் இருக்கக் கூடாது. டைனமோ விளக்குதான் மாட்ட வேண்டும், அதுவரைக்கும் பெட்டியை வேறு ஆள் கொண்டுபோவான் என்று உத்தரவானது.

டைனமோவை மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். குப்பி மாதிரி ஒரு சாமான், டயரில் சாய்ந்து உரசிக்கொண்டே சுற்றும். மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. மணலில் வண்டி திணறும்போதுதான் வெளிச்சம் அதிகம் வேண்டும், டைனமோ அப்போதுதான் சோர்ந்துபோகும். மூன்று மைலில் முதல் மைல் கெட்டித் தரை, இரண்டாவது உப்புப் பாத்திகளுக்கு நடுவே கரை, மூன்றாவது முழுக்க மணல். ஆகவே விளக்கு நல்ல விளக்காக இருக்க வேண்டும் என்று அய்யா பிடிவாதமாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சைக்கிள் கடைக்காரர் எங்கள் தெருமுனையில் இருந்தார். இள வயதில் தோணியில் கடலோடிவிட்டுக் கரையேறிய முஸ்லிம் குடும்பத்துக்காரர். அய்யாவை மாப்ள என்பார், அய்யா அவரை பாய் என்பார், எனக்கு அவர் மாமா. அவர் கொடுத்த முதல் விளக்கை அய்யா சோதித்த விதம் இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். பொழுது சாய்ந்ததும் உப்பளத்துப் பாதையில் என்னை மூன்று சாமான்கள் வைக்கச் சொன்னார்: வெள்ளைத் துண்டு ஒன்று, கவிழ்த்த மண்பானை ஒன்று, அம்மாவின் கறுப்புக் குடை. தூரத்திலிருந்து மிதித்துக்கொண்டு வருவார். எது கண்ணில் பட்டதோ அதைக் கத்திச் சொல்வார். அந்த இடத்திலிருந்து எத்தனை எட்டு என்று நான் நடந்து எண்ண வேண்டும்.

துண்டு இருபது எட்டில் தெரிந்தது. பானை ஐந்தெட்டில். குடை தெரியவே இல்லை. அதன் மேலேயே ஏற்றிவிட்டார். ஒரு கம்பி வளைந்து, அம்மா மூன்று நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சம் சக்கரத்துக்குக் கீழயே விழுந்து கெடக்கு பாய், முன்னால போக மாட்டேங்குது" என்று அய்யா விளக்கைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது விளக்குக்கு முகம் பெரியது, உள்ளே பளபளவென்று தகடு. "நடுவுல மட்டுந்தான் வெள்ளையாத் தெரியுது, ஓரம் பூராக் கருகிக் கெடக்கு" என்று அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவதற்கு, "எல்லாமே கலங்குன தண்ணிக்குள்ள இருக்காப்புல இருக்கு" என்றார். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். விளக்கைப் பற்றி அப்படித் துல்லியமாகப் பேசிய ஒரு மனிதரை அவர்கள் பார்த்ததில்லை. டைனமோ வாங்க நினைத்தவர்கள் அய்யாவிடம் வந்து யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். பாய் கடையில் விளக்கு சரியில்லை என்ற பேச்சும் ஊரில் நடமாடியது. கடைக்காரர் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. "மாப்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும், வேற பாப்போம்" என்று மட்டும் சொல்வார். நாலாவதாக அவர் கொடுத்த விளக்கை, "இருக்கிறதுல இது தேவல" என்று அய்யா வைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து, "நீயும் வாத்தா. ஓடுற வண்டியில வச்சுப் பாத்தாத்தான் லைட்டோட யோக்கியதை தெரியும்" என்றார். விளக்கு வைத்த பிறகு கிணற்றடிக்குப் போகக்கூட விடாத அம்மா, உடனே சரி என்றாள். என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முன் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைப்பார். வெளிச்சத்தில் என்ன தெரிகிறதோ அதை நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "எடப்பக்கம் பள்ளம். நேரா போங்க. கல்லு ஒண்ணு கெடக்கு, வலப்பக்கமா வாங்க. ஆடு படுத்திருக்கு." என் வாய் சொன்னதும் ஹாண்டில்பார் திரும்பும். உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும்போது தண்ணீருக்குள்ளும் ஒரு விளக்கு எங்கள் கூடவே ஓடி வரும். பின்னால் பிலிம் பெட்டி லொடலொடக்கும், காலடியில் டைனமோ ரீங்காரமிடும், காற்றில் ஈர உப்பு வாடை. பாதையில் உட்கார்ந்திருக்கும் பக்கிப் பறவையின் கண்கள் சிவப்பாக இரண்டு புள்ளியாகத் தெரியும், கிட்டே போனதும் பறந்துவிடும். மணல் வந்ததும் வெளிச்சம் மங்கும், நான் இன்னும் சத்தமாகச் சொல்வேன். அந்தக் கோடையில் என்னைவிடச் சந்தோஷமான பெண்பிள்ளை ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்திருக்க மாட்டாள்.

ஒரு நாள் கேட்டேன், "அய்யா, இந்த லைட்டு நல்லாத்தான இருக்கு? எனக்கு அந்தப் பனைமரம் வரைக்கும் தெரியுதே."

அய்யா இரண்டு மிதி அழுத்தி மிதித்தார். பிறகு, "ஒனக்குத் தெரிஞ்சாச் சரித்தா" என்றார்.

இதில் எனக்கு ஒரே ஒரு நஷ்டம் இருந்தது. இடைவேளை முடிந்ததும் படத்தில் ஒரு சிரிப்புக் காட்சி வரும். மாவு மூட்டைக்குள் விழுந்த ஒருவனைப் பேய் என்று நினைத்து வீடே ஓடும் காட்சி. அந்த நேரத்தில் நான் உப்பளத்தில் இருப்பேன். இரண்டாம் பெட்டியோடு கீழக்கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது தூக்கம் சொக்கி மணலில் சுருண்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அந்தக் காட்சியை நடித்துக் காட்டி உருண்டார்கள். நான் ஒருத்திதான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் இடைவேளை மணி அடித்ததும், "இன்னைக்கு மட்டும் நான் வரல அய்யா, அதப் பாத்துட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "சரித்தா, பாரு. நான் போயிட்டு வாரேன்" என்றார். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்து வெகு நேரம் கழித்து, கீழக்கொட்டகையிலிருந்து ஓர் ஆள் வேறு சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பெட்டி இன்னும் வரவில்லை, சனங்கள் கூச்சல் போடுகிறார்கள் என்றான். வழியில் அய்யா எதிர்ப்படவில்லையா என்று முதலாளி கேட்டார். தான் சுற்றுப் பாதையில் வந்ததாக அவன் சொன்னான். முதலாளி பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேரோடு உப்பளத்துக்கு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன்.

உப்புக் கரை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அய்யாவைப் பார்த்தோம். சைக்கிள் பின்னால் ஒரு பாத்திக்குள் தலைகீழாகக் கிடந்தது. பெட்டி அவர் தலையில் இருந்தது. செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி, கரை எது சரிவு எது என்று பாதத்தாலேயே பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். முழங்கால் பிளந்து ரத்தம் வழிந்தது. இடுப்புக்குக் கீழே முழுக்க உப்புச் சேறு. கயிறு அறுந்து கரையிலேயே விழுந்திருந்த பெட்டியில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

முதலாளி பெட்ரோமாக்ஸை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இம்புட்டு அகலக் கரையில எப்படிய்யா விழுவ? குடிச்சிருக்கியா?"

அய்யா கண் கூச நின்றார். பிறகு, "ஆமா முதலாளி. புத்தி கெட்டுப்போச்சு" என்றார்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மதுவிலக்கு இருக்கிற ஊரில் இவனுக்கு மட்டும் எங்கே கிடைக்கிறது என்று ஒருவர் கேட்டார். முதலாளி உள்ளூர நல்லவர்தான். "இந்த ஒரு தடவ விடுறேன். இனிமே உன் வாய மோந்து பாத்துட்டுத்தான் பெட்டியக் கட்ட விடுவேன்" என்றார். சொன்னபடியே செய்தார். மறுநாளிலிருந்து தினமும், டிக்கெட்டுக்கு நிற்கிற வரிசைக்கு எதிரிலேயே, அய்யா வாயைத் திறந்து ஊதிக் காட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் அவரோடு பேசவில்லை. மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் தூங்கிய பிறகு அம்மா என் பக்கத்தில் வந்தாள்.

"ஏ புள்ள, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காத. ஒங்க அய்யா வாயில என்னைக்காச்சும் அந்த வாடை அடிச்சிருக்கா?"

"அப்ப ஏன் ஆமான்னாரு?"

"குடிகாரன்னா மறுநாளு வேலை குடுப்பாக. மாலக்கண்ணுன்னா யாரு குடுப்பா?" என்றாள் அம்மா.

பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியாது. உப்பளத்துக்கு வந்ததிலிருந்தே அப்படித்தானாம். பஞ்ச காலத்தில் சோளக் கஞ்சியையும் மிளகாயையும் தவிர அவர் வயிற்றுக்கு ஒன்றும் கிடைத்ததில்லை, முருங்கைகூட மொட்டையாகக் காய்ந்துபோயிருந்தது. ஆட்டு ஈரல் தின்றால் சரியாகும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் கசாப்புக் கடையில் ஈரல் மட்டும் தனியாகக் கேட்டால் போதும், "யாருக்கு மாலக்கண்ணு?" என்பதுதான் அடுத்த கேள்வி. பொழுது விடிவதற்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். அதனால் அய்யா வாங்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்னால் போகாத வெளிச்சம், கருகிய ஓரம், கலங்கிய தண்ணீர் என்று அவர் சொன்ன குறை அத்தனையும் உண்மைதான், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. முன் கம்பியில் உட்கார்ந்து நான் சோதித்துக்கொண்டிருந்தது விளக்கை அல்ல. நான்தான் அவருடைய விளக்கு. அந்த விளக்கு ஒரு சிரிப்புக் காட்சிக்காக அவரைத் தனியாக அனுப்பியிருந்தது. போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

விடிந்ததும் சைக்கிளைக் கடைக்கு நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். ஹாண்டில்பார் கோணியிருந்தது. விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது.

"நேத்து நீ வண்டியில இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நான் குடுத்ததுல ஒண்ணுகூடக் கெட்ட லைட்டு இல்லத்தா. ரெண்டாவதத் திருப்பிக் கொண்டாந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றார். பர்மாவுக்குத் தோணியில் போன காலத்தில், மாதக்கணக்கில் சோறும் கருவாடுமாகத் தின்று அவருக்கும் இதே கண் வந்திருக்கிறது. தோணியின் தலைவர், தண்டல் என்பார்கள், சுறா ஈரல் எண்ணெயைக் குடிக்க வைத்துத்தான் சரியாக்கினாராம். எங்கள் கரையில் அந்த எண்ணெயைப் பானை பானையாகக் காய்ச்சித் தோணிப் பலகைக்குப் பூசுவார்கள். அதை மனிதன் குடிக்கலாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். துணியில் வடிகட்டி, மூடி இறுக்கித் தயாராக இருந்தது. "இருவது நாளா வச்சிருக்கேன். நானாக் குடுத்தா மனுசன் குன்னிப்போவாரு. நீ கொண்டு போ. தெனம் ரெண்டு கரண்டி, மூக்கப் பொத்திக்கிட்டு. யாரு கேட்டாலும் சங்கிலிக்குப் போடுற எண்ணெயின்னு சொல்லு. சின்னப் பொய்தான், அல்லாஹ் மன்னிப்பான்."

இன்று ஒரு கடைக்காரருக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தால் ஊரையே கூட்டுகிறார். இந்த மனிதர் நல்ல விளக்குகளைக் கெட்ட விளக்குகள் என்று ஒப்புக்கொண்டு, ஊர்ப் பேச்சையும் வாங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தார். அப்படி ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அய்யா பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கிருந்து என்று கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினார். முதல் நாலு நாள் ராத்திரி வீடு திரும்பிய பிறகு குடித்தவர், ஐந்தாம் நாள் புறப்படும்போதே குடித்துவிட்டார். அன்று சாயங்காலம் முதலாளி வழக்கம்போல வாயை மோந்து பார்க்க வந்தவர், இரண்டடி பின்னால் போய்த் தடுமாறினார். "என்னய்யா தின்ன? செத்த சுறா நாறுது! போ, போ, பெட்டியக் கட்டு." வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். அதோடு அந்தச் சோதனை நின்றது.

நான் ஒரு நாள்கூடத் தவறாமல் கம்பியில் ஏறினேன், சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. வைகாசி அமாவாசைக்கு முதல் நாள் என்று ஞாபகம். உப்பளம் தாண்டி மணலில் இறங்கியிருந்தோம், டைனமோ மங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தின் ஓரத்தில், பாதையின் குறுக்கே, கை நிறையப் பிடிக்கும் அளவுக்கு ஒரு நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து போவது எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, பல்லைக் கடித்துக்கொண்டேன். பத்து எட்டு, ஏழு, ஐந்து. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஹாண்டில்பார் மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. நண்டைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் நேரானது.

"பெரிய நண்டுத்தா" என்றார் அய்யா. "ஒண்ணும் சொல்லாம வார, தூங்கிட்டியா?"

நான் அவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தூங்கிட்டேன் அய்யா" என்றேன்.